ஓடும் சர்வருக்கு மிரர்: ஓர் ஆய்வகத்தில் மூன்று இரவுகள்

ஆய்வகத்தின் சர்வர் அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு எண்தான் மாறியிருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையின் 5-ஆம் எண் கணக்கு, அதாவது கெட்டுப்போன செக்டர்களை (டிஸ்கின் சிறு தரவுத் துண்டுகளை) ஒதுக்கிவிட்டு டிஸ்க் மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை, பத்து நாளில் 8-லிருந்து 40 ஆகியிருந்தது. 40 பெரிய எண் இல்லை. ஐந்து ஆண்டு ஓடிய 500 ஜிபி ஹார்டு டிஸ்கில் இதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். நான் பயப்படுவது எண்ணின் அளவுக்கு அல்ல, அது நகர ஆரம்பித்துவிட்டதா என்பதற்கு. இங்கே நகர ஆரம்பித்துவிட்டது.

அது ஒற்றை டிஸ்க். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ரசீதுகள் எல்லாம் அதன்மேல்தான் ஓடின. ஆய்வகம் 24 மணி நேரமும் இயங்கும். பக்கத்து அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து நள்ளிரவிலும் மாதிரிகள் வரும். சர்வரை வாங்கியபோது இரண்டாவது டிஸ்குக்குப் பணம் ஒதுக்கவில்லை. முன்பக்கம், சர்வர் ஓடும்போதே டிஸ்கை மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் தட்டுகள் இரண்டு, அதில் ஒன்று காலி. மேல்மூடி போட்டபடி ஐந்து ஆண்டுகள் அப்படியே இருந்தது.

ஆய்வகத்தின் பொறுப்பு மருத்துவரிடம் நிலைமையையும், தரவைப் புது டிஸ்குகள் இரண்டுக்கு மாற்றி, இரண்டிலும் எப்போதும் ஒரே தரவு இருக்கும் மிரராக அமைக்கும் திட்டத்தையும் சொன்னேன். "எவ்வளவு நேரம் நிறுத்தணும்?" என்றுதான் முதலில் கேட்டார். தரவை மாற்ற நிறுத்தவே வேண்டாம், ஆனால் சோதித்துப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும் என்றேன். மாற்றுவதற்கு நேரம் வேண்டாம், சோதிக்க வேண்டுமா என்று அவருக்கு வியப்பு. பலரும் அந்தச் சோதனையைத்தான் விட்டுவிடுகிறார்கள். மிரர் ஒத்திசைந்து முடிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்து போகிறோம். இரண்டில் எந்த ஒரு டிஸ்கைப் பிடுங்கினாலும் மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு இயந்திரம் தானாக எழுகிறதா என்பதை நேரில் பார்க்கும்வரை அந்த மிரர் பாதிதான் முடிந்திருக்கிறது. நான் விளக்கிய பிறகு ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை தந்தார்.

வழிகளைப் பார்த்தது

உடன் இருந்த இளைஞர் முதலில் சொன்ன யோசனை, டிஸ்கை அப்படியே டிடி கட்டளையால் புது டிஸ்கில் நகலெடுப்பது. ஓடும் அமைப்பில் இதைச் செய்யவே கூடாது. நகல் தொடக்கத்திலிருந்து கடைசி வரை போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தரவுத்தளம் முன்னும் பின்னும் எழுதிக்கொண்டே இருக்கும். கிடைக்கும் நகலில் ஒரு பக்கம் இரண்டு மணிக்கு உரியது, இன்னொரு பக்கம் மூன்று மணிக்கு உரியது. அதோடு இரண்டு டிஸ்கிலும் யூயூஐடி என்ற அடையாள எண் ஒன்றாகவே இருப்பதால், டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் எதை நம்புவது என்று தெரியாமல் புகார் சொல்லும்.

மிரரை வன்பொருளிலேயே போடும் ரெய்டு அட்டை வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. அட்டை போட்டால் டிஸ்குகளைப் புதிதாக அமைத்து, எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப ஏற்ற வேண்டும். எல்விஎம்மே தன் பகுதிகளுக்கு மிரர் போட்டுக்கொள்ளும், அதுவும் நல்ல வழிதான். ஆனால் நள்ளிரவில் நான் இல்லாதபோது டிஸ்க் போனால், அங்கிருப்பவருக்கு ஒரே கோப்பைப் பார்த்து நிலைமை புரிய வேண்டும். லினக்ஸ் மென்பொருளாலேயே போடும் எம்டி மிரரில் எம்டிஸ்டாட் என்ற அந்த ஒரு கோப்பு போதும். அதனால் கீழே எம்டி மிரர், அதன்மேல் எல்விஎம் என்று முடிவெடுத்தேன்.

நல்லவேளையாக, சர்வரை அமைத்தவர் தொடக்கத்திலேயே எல்விஎம் போட்டிருந்தார். பிவிமூவ் என்ற கருவி இந்த வேலைக்கென்றே இருக்கிறது. இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதி உட்பட எதையும், பயன்பாட்டில் இருக்கும்போதே, ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும். உள்ளே அது செய்வது ஒரு தற்காலிக மிரர்தான்: ஒரு துண்டை இரண்டு இடத்திலும் ஒத்திசைய வைத்து, ஒத்ததும் பழைய இடத்தை விட்டுவிடும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு விஷயத்தை முதலில் உறுதிசெய்துகொண்டேன். ஸ்மார்ட் அறிக்கையின் 197-ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் கணக்கு, சுழியமாக இருந்தது. அது சுழியம் இல்லை என்றால் இந்த வழியையே தொட்டிருக்க மாட்டேன். படிக்க முடியாத இடத்தில் பிவிமூவ் தடுக்கி நிற்கும். அப்போது சர்வரை நிறுத்திவிட்டுத் தரவு மீட்கும் வேலைதான்.

டிஸ்குகளாக 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு வாங்கினோம், வேண்டுமென்றே இரண்டு வேறு நிறுவனங்களுடையவை. கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு எடுத்தால் விலை குறைப்பதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். மிரரில் இரண்டு டிஸ்கும் ஒரே நாளில் பிறந்து, ஒரே அளவு எழுத்தைத் தாங்கி, ஒரே மணிக்கணக்கில் ஓடுகின்றன. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. டிஸ்கின் உள்நிரலான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், டிஸ்க் செத்துவிடும், தரவும் திரும்பாது என்றது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னோர் அறிவிப்பு. ஒரே நாளில் செருகிய இரட்டை டிஸ்குகள் அப்படி ஒரே மணியில் போனால் மிரர் யாரைக் காப்பாற்றும்?

முதல் இரவு: நகர்த்தல்

வியாழன் இரவு 10 மணி. தரவுத்தளத்தின் முழு நகலை வேறொரு கணினிக்கு எடுத்து, அங்கே ஏற்றி, அன்று மாலை பதிவான ஒரு முடிவு அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே டிஸ்க் பெட்டியைப் பிரித்தேன்.

முதல் எஸ்எஸ்டியைச் செருகினோம். சர்வர் உடனே கண்டுகொள்ளவில்லை. சாட்டா இணைப்புகளை மறுபடி தேடச் சொன்னதும் வந்தது. வந்தவுடன் செய்தது, இயங்குதளத்தின் மையமான கர்னல் காட்டும் வரிசை எண்ணை அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயர்களை நம்பி வேலை செய்யக் கூடாது. ஒரு தடவை பிடுங்கிச் செருகினாலே எஸ்டிஏ என்று இருந்தது எஸ்டிசி ஆகிவிடலாம்.

புது டிஸ்கில் மூன்று பகுதிகள்: மதர்போர்டு முதலில் படிக்கும் யூஈஎஃப்ஐ துவக்கத்துக்கு 512 எம்பி, கர்னல் இருக்கும் பூட் பகுதிக்கு 1 ஜிபி, மீதி எல்விஎம்முக்கு. கடைசியில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டேன். நாளை மாற்றாக வரும் வேறு நிறுவன டிஸ்க் ஒரு சில எம்பி சிறியதாக இருந்தால் மிரர் அதை ஏற்காது.

பிறகு எம்டிஆடம் கருவியால் இரண்டு மிரர்களை உருவாக்கினேன். இரண்டிலும் ஒரு பக்கம் புது டிஸ்க், மறுபக்கத்துக்கு 'இல்லை' என்று சொன்னேன். பாதி மட்டும் உள்ள மிரர் என்பது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் ஓடும் சர்வரில் இதுதான் வாசல். பூட் பகுதிக்கு மிரரின் குறிப்புத் தகவல் பகுதியின் கடைசியில் இருக்கும் 1.0 வடிவம், மற்றதற்கு வழக்கமான 1.2. பூட் பகுதியைத் துவக்க நிரல் சாதாரணக் கோப்பு அமைப்பாகவே படிக்க முடிய வேண்டும் என்பதற்காக இந்த வேறுபாடு.

பெரிய மிரரை எல்விஎம் குழுவில் சேர்த்து, பிவிமூவை, இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காத டிமக்ஸ் சாளரத்துக்குள் ஓட விட்டேன். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நகர்த்தாமல், ஒவ்வொரு பகுதியாக. முதலில் 30 ஜிபி ரூட், பிறகு பதிவுக்கோப்புகள் சேரும் 60 ஜிபி வார் பகுதி, கடைசியில் 180 ஜிபி தரவுத்தளம். பிவிமூவுக்கு வேக வரம்பு எளிதில் போட முடியாது, பகுதி பகுதியாகப் போனால் நடுவில் மூச்சு விடலாம். நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பகுதியை நகர்த்தவே இல்லை. அதை நிறுத்தி, அழித்து, புது இடத்தில் புதிதாக உருவாக்கினேன்.

தரவுத்தளப் பகுதி நகர்ந்துகொண்டிருந்தபோது இரவுப் பணியில் இருந்த ஆய்வக அக்கா வந்தார். "தம்பி, ரிசல்ட் திறக்க லேட் ஆகுதே" என்றார். வழக்கமாக ஒரு விநாடியில் வருவது நான்கைந்து விநாடி ஆனது. பழைய டிஸ்கின் தலை ஒரு பக்கம் நகலுக்கும் மறுபக்கம் தரவுத்தளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவிலிருந்து மாதிரி வந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றேன். அன்று நிறுத்த வேண்டி வரவில்லை. விநாடிக்கு சுமார் 45 எம்பி வேகத்தில் அந்தப் பகுதி மட்டும் ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது.

நகர்ந்து முடிந்ததும் ஒரு கேள்வி. தரவு முழுவதும் இப்போது பாதி மிரரில், அன்று இரவுதான் பெட்டியிலிருந்து வந்த ஒரு டிஸ்கின்மேல் நிற்கிறது. புது டிஸ்க் முதல் நாளிலேயே போவதும் நடக்கும். காலியான பழைய டிஸ்கை எல்விஎம்மிலிருந்து விடுவித்து, ஒரு நாளுக்கு மட்டும் மிரரின் மறுபாதியாகச் சேர்த்துவிட்டேன். 'பெரும்பாலும் எழுத மட்டும்' என்ற குறி போட்டால், படிப்பதெல்லாம் எஸ்எஸ்டியிலிருந்தே நடக்கும். நோயுற்ற டிஸ்க்தான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்.

இரண்டாம் இரவு: மாற்றம்

இது சுருக்கமாகவே முடிந்தது. பழைய டிஸ்கை மிரரிலிருந்து விலக்கி, எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை என்று பார்த்து, கர்னலிடம் அதை விடச் சொல்லி, வரிசை எண்ணை உரக்கப் படித்துவிட்டு உருவினேன். ஐந்து ஆண்டுகள் அந்த அமைப்பைத் தாங்கிய டிஸ்க் வெளியே வந்தது, சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் இரண்டாவது எஸ்எஸ்டி.

மிரரின் ஒத்திசைவு பிவிமூவைப் போல இல்லை. அதற்குக் கோப்பும் தெரியாது, காலி இடமும் தெரியாது, முதல் செக்டரிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் நகலெடுக்கும். அதற்கு வேக வரம்பு போடலாம் என்பது ஆறுதல். இயல்பான மேல்வரம்பு விநாடிக்கு 2,00,000 கேபி. அதை 50,000-க்குக் குறைத்தேன், இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் வந்து கேட்கவில்லை.

மிரர்களின் பெயர்களை எம்டிஆடம் அமைப்புக் கோப்பில் எழுதி, துவக்கத்தில் முதலில் ஏறும் சிறு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தேன். இதை மறந்தால் அடுத்த துவக்கத்தில் மிரர் எம்டி127 என்று ஏதோ ஒரு பெயரில் எழும். கர்னலை ஏற்றும் துவக்க நிரலான க்ரப்பை மறுபடி நிறுவினேன், ஏனென்றால் யூஈஎஃப்ஐ பகுதியில் இருக்கும் க்ரப்பின் சின்ன அமைப்புக் கோப்பு பழைய பூட் பகுதியின் யூயூஐடியைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

யூஈஎஃப்ஐ பகுதி ஒன்றுதான் மிரருக்கு அடங்காது. அது ஃபேட்32 கோப்பு அமைப்பு, அதைப் படிப்பது மதர்போர்டின் ஃபர்ம்வேர், ஃபர்ம்வேருக்கு லினக்ஸ் மிரர் என்றால் என்னவென்றே தெரியாது. 1.0 வடிவத்தில் மிரர் போட்டு ஏமாற்றலாம் என்று சிலர் செய்வதுண்டு. ஃபர்ம்வேர் அதில் ஒரு கோப்பு எழுதிவிட்டால் இரண்டு பாதியும் வேறுபட்டுப்போகும், மிரருக்கு அது தெரியாது. அதனால் இரண்டு டிஸ்கிலும் தனித்தனிப் பகுதி, இரண்டையும் ஒன்றுபோல் வைக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட், ஃபர்ம்வேரின் துவக்கப் பட்டியலில் இரண்டுக்கும் தனிப் பதிவு.

வெள்ளி நள்ளிரவு தாண்டி எம்டிஸ்டாட்டைத் திறந்தால் இரண்டு மிரருக்கும் நேரே இரண்டு 'யூ' எழுத்துகள். எல்லாம் நலம் என்று அதற்குப் பொருள். உடன் இருந்த தம்பி, "அண்ணா, முடிஞ்சிருச்சுல்ல?" என்றார்.

ஞாயிறு அதிகாலை

2 மணி 5 நிமிடத்துக்கு தரவுத்தளத்தை நிறுத்தி, சர்வரை அணைத்தோம். அக்கா பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். பரிசோதனைக் கருவிகள் முடிவுகளைத் தங்கள் நினைவகத்திலேயே வைத்திருந்து பிறகு அனுப்பும், அவசரமானதைக் கையால் எழுதித் தருவார்கள். முதல் எஸ்எஸ்டியை உருவிவிட்டு சர்வரை ஏற்றினேன்.

ஃபர்ம்வேர் முதல் பதிவைத் தேடி, கிடைக்காமல், இரண்டாவதற்குப் போனது. க்ரப் வந்தது. கர்னல் ஏறியது. பிறகு கொஞ்ச நேரம் திரை அசையவில்லை. இது இயல்பு: மறுபாதி வந்துவிடுமோ என்று காத்திருந்துவிட்டுத்தான் பாதி மிரரை எழுப்பும். அந்த விநாடிகளில் கை ரீசெட் பொத்தானுக்குப் போகக் கூடாது. மிரர் எழுந்தது. ரூட் ஏறியது. அப்புறம் ஒரு வரி, ஒரு சாதனத்துக்காகக் காத்திருப்பதாகவும், 1 நிமிடம் 30 விநாடி வரை காத்திருக்கும் என்றும். 90 விநாடி முடிந்ததும் அவசர நிலைக்குப் போனது. அங்கே ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கேட்டிருந்தால் உள்ளே போயிருக்கலாம். ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் உள்ளே விட முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது.

காரணம் புரிய ஒரு நிமிடம் ஆனது. இணைக்க வேண்டிய பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், முதல் டிஸ்கின் யூஈஎஃப்ஐ பகுதிக்கு நான் எழுதிய வரி. அந்த டிஸ்க் இப்போது இல்லை. துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டியைப் பொறுத்தவரை எஃப்எஸ்டேப்பில் சாதாரணமாக எழுதிய ஒவ்வொரு பகுதியும் அத்தியாவசியம். ஒன்று வரவில்லை என்றால் துவக்கம் தோற்றது. தரவு முழுசாக இருக்கிறது, மிரர் தன் வேலையைச் சரியாகச் செய்தது, துவங்கிய பிறகு யாருக்கும் தேவைப்படாத 512 எம்பி பகுதி ஒன்று சர்வரையே கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இன்னொரு சங்கிலி: டெபியன் நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் அந்தக் கணக்கு பூட்டியே இருக்கும். அன்றாட வேலைக்கு அது நல்லது. இந்த ஒரு நேரத்தில் மட்டும் கை கட்டப்பட்டுவிடுகிறது.

இதையே இரண்டு மாதம் கழித்து, ஓர் இரவு மின்வெட்டுக்குப் பிறகு, முதல் டிஸ்க் உண்மையிலேயே செத்த நிலையில் அக்கா பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்தேன். வயிறு கலங்கியது.

சொலாரிஸ் என்ற இயங்குதளம் ஓடிய பழைய சர்வர்களோடு வேலை செய்தவர்களுக்கு இது வேறு வடிவத்தில் நினைவிருக்கும். அங்கே மிரரின் நிலையைக் குறிக்கும் சிறு தரவுப் பிரதிகள் உண்டு. துவங்கும்போது அவற்றில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு டிஸ்கில் மூன்று மூன்றாக வைப்போம். ஒரு டிஸ்க் போனால் மிச்சம் சரியாகப் பாதி, 'பாதிக்கு மேல்' இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஓடிக்கொண்டேயிருக்கும், மறுதுவக்கம் செய்தால் மட்டும் முழுமையாக எழாது. யாராவது உள்ளே போய் செத்த பிரதிகளைக் கையால் நீக்க வேண்டும். இடம்தான் வேறு, கோளாறின் குணம் ஒன்றே.

சரி, சர்வருக்கு வருவோம். அணைத்து, முதல் டிஸ்கைத் திருப்பிச் செருகி ஏற்றினேன். எழுந்தது. முதல் டிஸ்கின் பாதி பழையதாகிவிட்டது என்று மிரர் அதைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தது. இங்கே நிதானம் வேண்டும். முதல் டிஸ்கைத் தனியாக ஓட்டி, ஒத்திசைய விடாமல் அடுத்து இரண்டாவதைத் தனியாக ஓட்டினால், இரண்டு பாதியும் தனித்தனி வரலாறு எழுதிவிடும். எது உண்மை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சோதனைக்கு நடுவிலும் திரும்பச் சேர்த்து, இரண்டு 'யூ' வந்த பிறகே அடுத்தது. 100 ஜிபிக்கு மேற்பட்ட மிரர் என்பதால் இங்கிருந்த எம்டிஆடம் தானாகவே பிட்மேப் ஒன்றை வைத்திருந்தது, எந்தெந்த இடத்தில் எழுத்து நடந்தது என்ற குறிப்பு அது. அதனால் முழு டிஸ்கையும் நகலெடுக்கவில்லை, மாறிய துண்டுகள் மட்டும் 11 விநாடியில் சேர்ந்தன.

எஃப்எஸ்டேப்பில் இரண்டு யூஈஎஃப்ஐ வரிகளுக்கும், அந்தப் பகுதி வராவிட்டாலும் துவக்கம் தொடரட்டும் என்று சொல்லும் நோஃபெயில் என்ற சொல்லையும் 5 விநாடிக் காத்திருப்பு வரம்பையும் சேர்த்தேன். ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்து, அதை எழுதி உறையில் ஒட்டி, மருத்துவரின் பெட்டகத்துக்குக் கொடுத்தேன். வெளியிலிருந்து ரூட்டாக உள்நுழைவது முன்போலவே மூடியிருக்கிறது.

2 மணி 50-க்கு மறுபடி முதல் டிஸ்கை உருவி ஏற்றினோம். காத்திருப்பு, மிரர், ரூட், உள்நுழைவுத் திரை. தரவுத்தளம் எழுந்தது, வியாழன் இரவு நான் தேடிய அதே முடிவு அதில் இருந்தது. திரும்பச் சேர்த்தோம். பிறகு இரண்டாவதை உருவினோம், அதிலும் எழுந்தது. 3 மணி 25-க்கு இரண்டும் உள்ளே, ஒத்திசைந்து, தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்தது. கருவிகள் தேக்கி வைத்திருந்த முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. அக்கா நோட்டில் எழுதியதை ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டு டிக் போட்டார்.

போகும் முன் எச்சரிக்கை அஞ்சலையும் சோதித்தேன். எம்டிஆடத்தின் கண்காணிப்புக்கு ஒரு சோதனை அஞ்சல் அனுப்பச் சொன்னால் அனுப்பும். அது என் பெட்டிக்கு மட்டும் வந்தது, ஆய்வகத்தின் முகவரிக்கு வரவில்லை. முகவரியில் ஓர் எழுத்துப் பிழை. ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் சத்தமே இல்லாமல் ஓடும் என்பதால், அந்த அஞ்சல் வராவிட்டால் இரண்டாவதும் போகும்போதுதான் முதலாவது போனது தெரியும். திருத்தி, மறுபடி அனுப்பி, அக்காவின் திரையில் வந்ததைப் பார்த்தேன். தட்டுகள் இரண்டின் முகப்பிலும் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பெரிய எழுத்தில் ஒட்டினோம். எந்த டிஸ்க் செத்தது என்று அஞ்சல் சொல்லும், எதை உருவுவது என்று அந்த ஒட்டு சொல்லும்.

பழைய டிஸ்க் மேசைமேல் இருந்தது. அதில் ஐந்து ஆண்டுகளின் நோயாளிகளுடைய பெயர்களும் முடிவுகளும். மேலெழுதி அழிக்கலாம், ஆனால் ஒதுக்கப்பட்ட அந்த 40 செக்டர்களுக்குள் சாதாரண மேலெழுதும் கட்டளை எழுதாது, அங்கே இருந்தது அங்கேயே இருக்கும். 40 செக்டரில் யாருடைய எந்த முடிவு என்று எனக்குத் தெரியாது. திங்கள் காலை மருத்துவர் முன்னிலையில் துளைப்பான் வைத்து, டிஸ்குக்குள் சுழலும் காந்தத் தட்டுகளின் ஊடாக மூன்று இடத்தில் துளையிட்டு, வரிசை எண்ணையும் தேதியையும் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.